டோக்கியோ பெண்கள் 800 இறுதியும் எங்கட பிள்ளைகளின் முதல் 200உம்

இரணைமடு_சுவடு
டோக்கியோ 2025 உலக மெய்வல்லுநர் போட்டியின் பெண்கள் 800 மீற்றர் இறுதியை, மாகாண மட்டத்துக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிற ஒவ்வொருவரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேணும். மேரி மொறா முதல் 400 ஐ 56 செக்கனுக்குள் இழுத்தார். முடிவில் லிலியன் ஒடிரா 1:54.62, ஜோர்ஜியா ஹன்டர் பெல் 1:54.90, கீலி ஹொட்ஜ்கின்சன் 1:54.91. மொறா 7ஆம் இடம். 1983இல் ஹெல்சிங்கியில் யர்மிலா க்ரடோஹ்விலோவா ஓடிய 1:54.68 என்ற போட்டிச் சாதனையும் அன்றைக்கே போனது. அதை முறியடித்தவர் முன்னுக்குப் போனவரில்லை. பின்னால் இருந்து, கடைசி நேர்ப்பாதையில் ஹொட்ஜ்கின்சனைப் பிடித்தவர்.

வன்னிப் பாடசாலைகளின் கோட்ட மட்டம், வலய மட்டம் எதற்குப் போனாலும் இந்தப் பிழைதான் முதலில் கண்ணில் படும். வெடி வெடித்ததும் முதல் 200 ஐ 200 மீற்றர் போட்டி மாதிரி ஓடுகிறார்கள். 500இல் தோள் மேலே ஏறுகிறது, 600இல் நடை. பிள்ளைக்கு உடற்தகுதி இல்லை என்று எழுதிவிட்டு விடுகிறோம். பல நேரங்களில் உடற்தகுதி இருக்கிறது, பங்கிட்டுச் செலவழிக்கத்தான் யாரும் பழக்கவில்லை. முதல் சுற்றைப் பழக்குவது எப்படி என்று இந்த இழையில் விரிவாகப் பேசுவோம்.

மாங்குளம்சந்தி
மொறாவைப் பிழை சொல்ல ஏலாது, அண்ணா. 2023 புடாபெஸ்ற்றில் அவரே கடைசி நேர்ப்பாதையில் வென்றவர், 1:56.03. கடைசி 100 மீற்றரில் தன்னைவிட வேகமானவர்கள் இறுதிக்கு வந்திருக்கிறார்கள் எண்டு தெரிஞ்சால் அவர்களின் காலை முன்கூட்டியே களைக்கப் பண்ணுறதும் ஒரு வழிதான். சரிவரேல்லை, அவ்வளவுதான்.

முன்னுக்குப் போய் வென்றதுக்கும் சான்று இருக்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹொட்ஜ்கின்சன் முன்னுக்குப் போய், ஒருத்தரையும் கடக்க விடாமல் 1:56.72இல் தங்கம் எடுத்தார். துசிகே டுகுமா 1:57.15, மொறா 1:57.42. ஆனால் அதில முதல் சுற்று 58ஐத் தாண்டினது. முன்னுக்கு நிண்டபடியே வேகத்தைத் தன்ர கையில வைச்சிருந்தார். டோக்கியோவில மொறாவின்ர வேகம் அவரின்ர கையில இருக்கேல்லை. பிள்ளைகளுக்கு "முன்னுக்குப் போகாதே" எண்டு சொல்லிக் குடுத்தால் திறமான பிள்ளை கூட்டத்துக்குள்ள மாட்டுப்பட்டுப் போகும். எத்தினை செக்கனில போறது எண்டதைத்தான் சொல்லிக் குடுக்க வேணும்.

வவுனியா_ரீச்சர்
இருவர் சொல்வதையும் எண்ணில் வைத்தால் ஒரே இடத்துக்குத்தான் வரும். 2:20 ஓடக்கூடிய ஒரு பிள்ளையை எடுப்போம். சராசரி 200க்கு 35 செக்கன். நல்ல பங்கீடு 33.5, 35, 36, 35.5. முதல் சுற்று 68.5, இரண்டாவது 71.5, மொத்தம் 2:20. 800இல் முதல் சுற்று இரண்டாவதைவிடக் கொஞ்சம் வேகமாக இருப்பது இயல்பு. உலகத் தரத்தில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒன்றிரண்டு செக்கன், பாடசாலைப் பிள்ளைக்கு 3 வரை போகலாம். அதே பிள்ளை முதல் 200 ஐ 31இல் போனால் மிச்சம் 35, 39, 41 என்று விழும். கூட்டிப் பாருங்கள், 2:26. முதல் 200இல் லாபமாகத் தெரிந்த இரண்டரைச் செக்கனுக்குக் கடைசியில் எட்டரைச் செக்கன் கட்ட வேண்டி வருகிறது.

காரணம் இதுதான். 800 மீற்றருக்குத் தேவையான சக்தியில் மூன்றில் இரண்டு பங்களவு ஒட்சிசன் மூலம் வருவது. அந்த வழி முழுவேகத்துக்கு வர அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும். அதற்கு முன்பே மிஞ்சிய வேகத்தில் போனால் தசைக்குள் அமிலத்தன்மை ஏறி, கால் தூக்குவது குறைந்து, காலடித் தூரம் சுருங்கிவிடும். பிறகு எவ்வளவு கத்தினாலும் பிள்ளையால் திரும்ப வேகமெடுக்க முடியாது.

நேரம் சொல்பவர் முடிவுக்கோட்டில் நிற்பதால் பயன் குறைவு. 400இல் "62" என்று சொல்லும்போது பிழை நடந்து முடிந்துவிட்டது. 200 மீற்றர்க் குறியில் நிற்க வேணும். ஓடுபாதைக்குள்ளோ களத்துக்குள்ளோ நின்று கத்தினால் உதவி என்று எடுத்து நடுவர் எச்சரிக்கலாம், ஆகவே கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள். சொல்வதும் ஒரே சொல்லாக இருக்கட்டும்: "சரி" அல்லது "பிடி". வசனம் சொன்னால் பிள்ளையின் காதில் விழாது.

நந்திக்கடல்_காற்று
ரீச்சர், எங்கட பக்கம் 400 மீற்றர் ஓடுபாதை போட இடமில்லாத மைதானம்தான் கூட. 200, 300 எண்டு சுண்ணாம்பு போடுறம். அதில 200 குறி எங்க வைக்கிறது? 800க்குத் தொடக்கக்கோடு போடும்போது ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்லினம். போன முறை 6ஆம் பாதைப் பிள்ளைக்கு அநியாயம் எண்டு பெற்றோர் சண்டை.

சுண்ணாம்புக்_கோடு
இதை விபரமாகவே எழுதுகிறேன். தொடக்கம் பிழைத்தால் மேலே சொன்ன எல்லா எண்ணும் பிழைத்துவிடும்.

300 மீற்றருக்கு வளைவின் ஆரை 24 மீற்றர் என்று வையுங்கள். விளிம்புக்கட்டு இல்லாத புல்தரையில் 1ஆம் பாதையின் நீளம் உள்கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் வெளியே அளக்கப்படும். (கட்டு இருந்தால் 30.) எனவே ஒரு வளைவு 24.2 ஐ 3.1416ஆல் பெருக்க 76.03 மீற்றர். நேர்ப்பாதை 150இலிருந்து அதைக் கழிக்க 73.97 மீற்றர். 1.22 மீற்றர் அகலத்தில் 6 பாதை போட்டால் மொத்தம் 137க்கு 63 மீற்றர் இடம் போதும். ஓடிவந்து நிற்க முடிவுக்கோட்டுக்கு அப்பால் இன்னும் இடம் விடுங்கள்.

முதலில் 73.97 மீற்றர் இடைவெளியில் இரண்டு மையக் கம்பி அடிக்க வேணும். அந்த இரண்டு மையத்திலும் செங்குத்துக்கோடு எடுக்க 3, 4, 5 மீற்றர் முக்கோணம் போதும், கண்மதிப்பில் எடுக்காதீர்கள். வளைவு கீறப் பாவிப்பது உருக்கு அளவுநாடாவாக இருக்க வேணும். நைலோன் கயிறு காலைப் பனியில் நனைந்தால் ஒரு நீளம், வெயிலில் காய்ந்தால் இன்னொரு நீளம். ஆரையில் 10 சென்ரிமீற்றர் பிழைத்தால் ஒரு சுற்றில் 63 சென்ரிமீற்றர் பிழைக்கும்.

முடிவுக்கோடு நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்குகிற இடத்தில். 800 என்பது 300இல் இரண்டு சுற்றும் 200 மீற்றரும். எனவே தொடக்கம் எதிர்ப்புற நேர்ப்பாதையில், வளைவு தொடங்க 50 மீற்றர் முன்னே விழும். 200 மீற்றர்க் குறி வேறெங்கும் தேட வேண்டாம், முடிவுக்கோடேதான். 500உம் அங்கேதான், 800உம் அங்கேதான். 400, 600 மீற்றர்க் குறிகளுக்கு முடிவுக்கோட்டிலிருந்து ஓட்டத்திசையில் 200 மீற்றரும் 100 மீற்றரும் அளந்து கொடி நடுங்கள்.

முதல் வளைவு மட்டும் தனிப்பாதையில், அது முடிந்து பிரதான நேர்ப்பாதை தொடங்குகிற இடத்தில் உட்செல்லும் கோடு (இதைத் தாண்டியதும் தனிப்பாதையை விட்டு உள்ளே வரலாம்). ஒரு வளைவுக்கு ஒவ்வொரு பாதைக்கும் முன்னேற்றம் (வெளிப்பாதைத் தொடக்கத்தை முன்னே தள்ளிப் போடும் தூரம்) 1.22 ஐ 3.1416ஆல் பெருக்க 3.83 மீற்றர். 2ஆம் பாதை 3.83, 3ஆம் 7.67, 4ஆம் 11.50, 5ஆம் 15.33, 6ஆம் 19.16. இதற்கு மேலே, வெளிப்பாதைப் பிள்ளை நேர்ப்பாதையில் சரிவாக உள்ளே வருவதற்கான சிறு கூட்டல் ஒன்று உண்டு. 4ஆம் பாதைக்கு 9 சென்ரிமீற்றர், 6ஆம் பாதைக்கு 25 சென்ரிமீற்றர். உட்செல்லும் கோட்டை நேராகப் போட்டுவிட்டுத் தொடக்கத்தில் இந்தக் கூட்டலைச் சேர்க்கலாம். பெரும்பாலான சண்டை வருவது, 400க்குரிய இரு வளைவு முன்னேற்றத்தை 800க்கும் அப்படியே போடுவதால். அப்போது 6ஆம் பாதைப் பிள்ளை 19 மீற்றர் சும்மா முன்னுக்கு நிற்கும், 1ஆம் பாதைக்குத்தான் அநியாயம். உங்கள் மைதானத்தில் முறைப்பாடு மறுபக்கம் என்றபடியால் அங்கே முன்னேற்றம் குறைத்துப் போடப்பட்டிருக்க வேணும், ஒருக்கால் அளந்து பாருங்கள்.

1500 இதில் மிக லேசு. சரியாக 5 சுற்று, தொடக்கமும் முடிவுக்கோட்டில். ஆனால் தொடக்கக்கோடு வளைந்திருக்க வேணும். வளைவின் உள்கோட்டுக்கு 20 சென்ரிமீற்றர் வெளியே, ஒரு மீற்றருக்கு ஒன்றாக 21 மீற்றர் தூரத்துக்கு முளை அடியுங்கள். கடைசி முளையில் கம்பியைக் கட்டி, முளைகளை ஒட்டி முடிவுக்கோடு வரை இழுத்து, அந்த நுனியை இறுக்கிப் பிடித்தபடி வெளிப்பக்கம் விரித்துக்கொண்டு வாருங்கள். நுனி போகிற தடம்தான் தொடக்கக்கோடு.

நந்திக்கடல்_காற்று
சேர், இதை அப்பிடியே அச்செடுத்து வைக்கிறன். இந்த முறை 19.41 எண்டு 6ஆம் பாதைக்குப் போட்டுக் காட்டுறன்.

வவுனியா_ரீச்சர்
சுண்ணாம்புக்_கோடு எழுதியதோடு சேர்த்து ஒன்று. ஒரு மீற்றர் வெளியே தள்ளி ஒரு வளைவை ஓடினால் கூடுதலாக ஓடுவது 3.14 மீற்றர், வளைவின் ஆரை எதுவானாலும். 400 மீற்றர் ஓடுபாதையில் 800க்கு 4 வளைவு, முதலாவது தனிப்பாதை, மிச்சம் 3. 300இல் 5 வளைவு, மிச்சம் 4. ஆக 12.6 மீற்றர். 2:20 ஓடுகிற பிள்ளைக்கு அது 2.2 செக்கன். 1500க்கு 300 ஓடுபாதையில் 10 வளைவு, 31 மீற்றர் மேலதிகம். 5 நிமிடத்தில் ஓடுகிற பிள்ளைக்கு 6 செக்கனுக்கு மேல். ஆறு கிழமை பயிற்சி செய்தாலும் இந்தளவு குறைப்பது கஷ்டம். கடப்பதை நேர்ப்பாதையில் செய்யப் பழக்குங்கள். வளைவில் கோட்டோடு ஒட்டி நிற்கட்டும்.

மடுவீதி_1500
1500க்கு வந்தபடியால் ஃபெய்த் கிப்யேகனைப் பேசாமல் போக முடியாது. உலக சாதனை 3:48.68, 2025 ஜூலையில் யூஜினில். ஆனால் என்னைக் கவர்வது அவரின் மூன்று ஒலிம்பிக் தங்கமும் மூன்று விதம் என்பது. 2016 ரியோவில் 4:08.92, மெல்லப் போய்க் கடைசியில் வெடித்த ஓட்டம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 3:53.11. பாரிஸில் 3:51.29. பாரிஸில் குடாஃப் செகாய் தொடக்கத்திலேயே கடும் வேகத்தில் இழுத்தார், கிப்யேகன் அவருக்குப் பின்னால் கோட்டோடு ஒட்டி இருந்தார், செகாய் 12ஆம் இடத்தில் முடித்தார். மெல்ல ஓடினாலும் வெல்லத் தெரிய வேணும், வேகமாக ஓடினாலும் வெல்லத் தெரிய வேணும். மணிக்கூட்டோடு மட்டும் பழகிய பிள்ளை மெல்லப் போகிற ஓட்டத்தில் திக்குமுக்காடும்.

எங்கட நாட்டிலேயே சான்று இருக்கிறது. தருஷி கருணாரத்ன 2023 ஜூலையில் பாங்கொக் ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றரை 2:00.66இல் ஓடித் தங்கம். அதே வருசம் ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2:03.20, அதுவும் தங்கம். இந்தியாவின் ஹர்மிலன் பெய்ன்ஸ் 2:03.75. 2002 புசானுக்குப் பிறகு இலங்கைக்கு ஆசிய விளையாட்டு மெய்வல்லுநரில் கிடைத்த முதல் தங்கம். நேரம் இரண்டரைச் செக்கன் கூட, ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சுற்று முறையும் இதோடு சேர்ந்தது. உலகப் போட்டி 1500இல் இப்போது அரையிறுதிக்கும் இறுதிக்கும் இடத்தால் மட்டும்தான் தெரிவு, அரையிறுதி ஒவ்வொன்றிலும் முதல் 6 பேர். 800 அரையிறுதியில் முதல் 2 பேரும், அதற்கடுத்த வேகமான 2 பேரும். ஆகவே 1500 தகுதிகாணில் (முதற்சுற்று ஓட்டத்தில்) 7ஆவதாக வேகமாக வந்தாலும் வீடுதான். எங்கட மாவட்டப் போட்டிக்கு முன்னும் முகாமையாளர் கூட்டத்தில் தெரிவு இடத்தாலா நேரத்தாலா என்று கட்டாயம் கேளுங்கள். கேளாமல் விட்டால், இரண்டாவது ஓட்டத்தில் ஓடுகிற பிள்ளைக்கு என்ன சொல்லி அனுப்புவது?

மாங்குளம்சந்தி
மடுவீதி சொன்னதோட நான் முழுக்க உடன்படுறன். கூட்டத்துக்குள்ள மாட்டுப்படுறதுக்குப் பயிற்சி ஒண்டு சொல்லுறன். 6 பிள்ளைகளை 2 பாதை அகலத்துக்குள்ள விட்டு 600 மீற்றர் ஓட விடுங்கோ. விசில் அடிக்கிற நேரமெல்லாம் உள்ளுக்கு நிக்கிற பிள்ளை வெளியால வந்து முன்னுக்குப் போக வேணும், தள்ளக்கூடாது. முழங்கையை உடம்போட வைச்சு, முன்னால ஓடுற பிள்ளையின்ர நேர் பின்னால நிக்காமல் வெளித்தோளுக்குப் பின்னால நிக்கப் பழக்குங்கோ. நேர் பின்னால நிண்டால் கால் மிதிபடும்.

விழுந்தால் என்ன செய்யிறது எண்டும் சொல்லிக் குடுக்க வேணும். டோக்கியோ ஒலிம்பிக் 1500 தகுதிகாணில சிஃபான் ஹசன் கடைசிச் சுற்றில விழுந்து, எழும்பி ஓடி, அந்த ஓட்டத்திலேயே முதலாவதா வந்தவர். அண்டைக்குப் பின்னேரம் 5000 மீற்றர் தங்கமும் எடுத்தார். எங்கட பிள்ளைகள் விழுந்த உடனே மைதானத்துக்குள்ள போய் இருந்து அழுதுவிடும். எழும்பி முதல் 50 மீற்றரை ஆறுதலா எடுத்துப் பிறகு சேர வேணும், உடனே முழு வேகத்தில துரத்தினால் 200 மீற்றரில முடிஞ்சுது.

இரணைமடு_சுவடு
காற்றையும் சேர்க்க வேணும். சோளகம் அடிக்கிற மாதங்களில் கிளிநொச்சி வெளிமைதானங்களில் ஒரு நேர்ப்பாதை முழுக்க எதிர்க்காற்று. அந்த நேர்ப்பாதையில் முன்னுக்கு நிற்பவர் மற்றவர்களுக்கு மறைப்பாக ஓடுகிறார். அப்படியான நாளில் முன்னுக்குப் போகிற பழக்கமுள்ள பிள்ளையும் எதிர்க்காற்றில் இரண்டாவதாக இருந்து, பின்காற்று நேர்ப்பாதையில் முன்னுக்கு வரலாம். 200 நேரங்களும் மாறும். எதிர்க்காற்றுப் பகுதியில் 36.5 வந்தால் பிள்ளையைப் பேசாதீர்கள்.

இனிப் பயிற்சி. முதல் சுற்றுக்கு எது நல்லது?

வவுனியா_ரீச்சர்
2:20 இலக்குக்கு, போட்டிக்கு முந்திய ஆறு கிழமைகளில் கிழமைக்கு ஒரு தரம்: 4 தரம் 200, ஒவ்வொன்றும் 35 செக்கன், இடையில் 45 செக்கன் நடை. பிறகு 8 நிமிட ஓய்வு, திரும்ப 4 தரம். முக்கியம் 35. பிள்ளை 32இல் ஓடிவந்தால் பாராட்டாதீர்கள், அடுத்ததைச் சரியாக ஓடச் சொல்லுங்கள். இரண்டாவது தொகுதியில் 37க்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்துங்கள். கைக்கடிகாரம் பார்க்காமல் 35 ஐ உணர்ந்து ஓடத் தெரிந்தால் போட்டியில் முதல் 200 தானாகச் சரிவரும்.

10 நாளுக்கு ஒரு தரம் 600ஐ 1:45இல் ஓடி, 60 செக்கன் நின்று, 200 முழுப் பலத்துடன். இதுதான் கடைசி நேர்ப்பாதைக்கான பயிற்சி. இதற்கு அடுத்த நாள் லேசான ஓட்டம் மட்டும். மிச்ச நாட்களில் பேசிக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில் 30, 40 நிமிடம், கிழமைக்கு ஒரு நாள் 15 நிமிடம் கொஞ்சம் கடுமையாக. மேடு இல்லாத வன்னியில் குளக்கட்டின் சரிவு போதும். 8 செக்கன் ஏற்றம், நடந்து இறக்கம், 6 தரம். அலைகல் அடுக்கின நீர்ப்பக்கத்தில் ஏற்றாதீர்கள், கணுக்கால் புரளும்.

நெல்லிக்காய்
மருத்துவப் பக்கத்தில் ஒன்று சேர்க்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெண்பிள்ளை இரண்டு மாதத்தில் நேரம் கூடி, மாடிப்படியில் மூச்சு வாங்கினால் "சோம்பல்" என்று முடிவு கட்டாதீர்கள். மாதவிடாயால் இரும்பு இழக்கிறார்கள், ஓட்டப் பயிற்சியும் இழப்பைக் கூட்டும். ஹீமோகுளோபின் (டெசிலீற்றருக்குக் கிராமில்) 12க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. ஆனால் அது 12க்கு மேலே இருக்கும்போதே உடம்பின் இரும்புச் சேமிப்பு இறங்கியிருக்கலாம், அதைக் காட்டுவது பெரிற்றின் பரிசோதனை. பெரிற்றின் (லீற்றருக்கு மைக்ரோகிராமில்) 15க்குக் கீழே என்றால் சேமிப்பு தீர்ந்துவிட்டது. பரிசோதிக்காமல் இரும்புக் குளிசை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

சாப்பாட்டில் செய்யக்கூடியது: சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கத்தை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. கௌபி, பயறு, கீரையோடு தேசிக்காய்ப் புளி அல்லது நெல்லிக்காய். மீன், ஈரல் கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்று மாதம் மாதவிடாய் வராமல் விட்டால் அது கடும் பயிற்சியின் அடையாளம் என்று பெருமைப்படுவது ஆபத்து. சாப்பாடு பயிற்சிக்குப் போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணம், எலும்பு வெடிப்பு அடுத்து வரும். வைத்தியரிடம் அனுப்புங்கள். இதைப் பிள்ளையோடு கதைக்க ஒரு பெண் ஆசிரியை இருப்பது நல்லது.

நந்திக்கடல்_காற்று
ஆணிச் சப்பாத்துப் பற்றியும் யாராவது சொல்லுங்கோ. ரப்பர் ஓடுபாதைக்கு மாகாணப் போட்டிக்குப் போகேக்க ஆணி மாத்த வேணுமா?

சுண்ணாம்புக்_கோடு
மாற்ற வேணும். செயற்கை ஓடுபாதையில் ஆணி 9 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, பல மைதானங்களில் 6 மட்டும்தான் விடுவார்கள். புல்தரைக்குப் போட்ட நீட்டு ஆணியோடு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். ஆணித்திறப்பு ஒன்று பையில் இருக்கட்டும். கழற்றும்போது மண் இறுகியிருந்தால் முதல் நாளே மண்ணெண்ணெய் ஒரு துளி விட்டு வையுங்கள். பயிற்சியில் ஒருநாளும் போடாத ஆணிச் சப்பாத்தைப் போட்டியில் முதன்முதலாகப் போட்டால் கெண்டைக்கால் பிடிக்கும். மூன்று கிழமைக்கு முன்பே கடைசி இரண்டு 200க்கு மட்டும் போட்டுப் பழக்குங்கள்.

மடுவீதி_1500
காலையில் தகுதிகாண், பின்னேரம் இறுதி என்று வந்தால் இடையில் என்ன கொடுக்கிறீர்கள்? மதியம் வயிறு நிறையச் சோறு கொடுத்துவிட்டு 3 மணிக்கு ஓடவிடுகிற பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன.

நெல்லிக்காய்
ஓடி முடித்து அரை மணித்தியாலத்துக்குள் வாழைப்பழமும் ரெண்டு துண்டு பாணும். இறுதிக்கு மூன்று மணித்தியாலம் இருந்தால் கொஞ்சச் சோறு, பருப்பு, எண்ணெய் குறைவாக. பொரியல் வேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவென்றால் பழமும் பிஸ்கற்றும் மட்டும். வெயிலுக்குள் இருத்தாமல் மரநிழலில் காலை உயர்த்திப் படுக்க விடுங்கள், இறுதிக்கு 40 நிமிடம் முன் எழுப்பினால் போதும். வியர்வை கூடின பிள்ளைக்கு ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத்தூள்) கொடுக்கலாம். ஒரு பக்கற் முழு 1 லீற்றர் கொதித்தாறிய நீருக்கு. அரை லீற்றர்ப் போத்தலில் முழுப் பக்கற்றையும் கரைத்துக் கொடுக்கிறார்கள், உப்புக் கூடி ஓடும்போது வயிற்றைப் பிரட்டும்.